டன்ஸ்டாவ்னேஜ்: கோட்டையும் சிற்றாலயமும்

பழங்கோட்டைகளைக் காணச் செல்வோர் பெரும்பாலும் மதிலை அண்ணாந்து நோக்குவர். அதன் கனத்தைக் கண்டு வியப்பர். உச்சியில் ஏறி நின்று கடலைப் பார்ப்பர். பின்னர் வந்த வழியே திரும்பிவிடுவர். இன்று நாம் காணவிருக்கும் கோட்டையை விட்டு அவ்வாறு திரும்புவோமாயின், அதன் வரலாற்றிற் பாதியையே கண்டவராவோம். மற்றப் பாதி மதிலுக்கு வெளியே, ஏறத்தாழ 500 அடி தொலைவில், மரங்களினிடையே கூரையிழந்து நிற்கின்றது. கோட்டையின் பெயர் டன்ஸ்டாவ்னேஜ். மரங்களினிடையே நிற்பது அதன் சிற்றாலயம். இவ்விரண்டையும் கட்டுவித்தது ஒரே குலம். கட்டிய காலமும் ஏறக்குறைய ஒன்றே. ஆயினும் ஒன்று செய்ய முடியாததை மற்றொன்று செய்தது. அஃது எவ்வாறு என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

ஸ்கொத்லாந்தின் மேற்குக் கரையில் ஓபன் என்னும் துறைமுகப் பட்டினம் உள்ளது. அங்கிருந்து வடக்கே மூன்று மைல் சென்றால், கடலினுள் நீண்டு கிடக்கும் சிறிய நிலமுனையொன்றை அடையலாம். எற்றிவ் என்னும் நீண்ட கடற்கழி, லோர்ண் என்னும் விரிகடலோடு கலக்குமிடம் இது. மலைகள் செறிந்த அந்நாட்டிற் பண்டைக்காலத்துப் பெருவழி கடலே. தீவுக்குத் தீவு செல்வோரும், தீவிலிருந்து உள்நாட்டுக்கு ஏகுவோரும் இம்முனையைக் கடந்தே செல்லல் வேண்டும். ஆகவே இம்முனையைக் கைக்கொண்டவன் கழியின் வாயிலைக் கைக்கொண்டவனாவான்.

அதன் பெயரே ஒரு சிறு வரலாறு. 'டன்' என்பது கேலிக் மொழியிற் கோட்டையைக் குறிக்கும். எஞ்சிய பகுதி நோர்வே நாட்டாரின் பழைய மொழியிலிருந்து வந்தது. கோல் போன்ற நிலமுனை என்பது அதன் பொருள். மலைநாட்டு மொழியும் கடலோடிகளின் மொழியும் ஒரே பெயரிற் கூடியிருக்கின்றன. அவ்விரு மக்களும் இக்கரையிற் போரிட்டனர்; மணவுறவு கொண்டனர்; ஒன்றாகவும் வாழ்ந்தனர்.

இனிக் கோட்டையை அணுகுவோம். முதலிற் கண்ணிற் படுவது மதிலன்று, பாறை. கூழாங்கற்கள் ஒன்றோடொன்று இறுகிப் பிணைந்தாற் போன்ற பெரும்பாறை அது. அப்பாறையின் விளிம்பை ஒட்டியே மதிலை எழுப்பியிருக்கின்றனர். பாறை எங்கே முடிகின்றது, மதில் எங்கே தொடங்குகின்றது என்று தொலைவிலிருந்து சொல்லல் அரிது. பாறையின் போக்கிற் சென்றமையால் மதில் ஒழுங்கான சதுரமாக அமையவில்லை. அதன் கனம் ஏறத்தாழ 10 அடி. வெளிப்புறத்து உயரம் சில இடங்களில் 60 அடி வரை செல்லும். மூலைகளில் வட்டக் கொத்தளங்கள் உள்ளன. படியேறி வாயில் மாளிகையினுட் புகுந்தால், உள்முற்றத்திற் கிணறொன்றைக் காணலாம். முற்றுகைக் காலத்திற் கோட்டையின் உயிர் அக்கிணற்றிலேயே இருந்தது. ஸ்கொத்லாந்தின் மிகப் பழைய கற்கோட்டைகளுள் இதுவும் ஒன்று.

இதனைக் கட்டியவர் மக்டூகல் குலத்தார். 1164 ஆம் ஆண்டில் இறந்த சொமர்லெட் என்னும் கடல்வேந்தனின் வழித்தோன்றல்கள் இவர்கள். சொமர்லெட்டின் பேரன் டங்கன் மக்டூகல் பதின்மூன்றாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இக்கோட்டையை எழுப்பினான் என்பர். எற்றிவ் கழியின் மறுகரையில் ஆர்ட்சாற்றன் துறவிமடத்தை நிறுவியவனும் இவனே. தன் கோட்டைக்கு அருகே சிற்றாலயம் அமைத்தவனும் இவனே. வாளும் வழிபாடும் அக்காலத் தலைவனுக்கு இரு கைகள் போன்றவை.

டங்கனின் மகன் யூவன் காலத்தில் ஓர் இக்கட்டு நேர்ந்தது. தலைநிலத்திலுள்ள தன் நிலங்களை அவன் ஸ்கொத்லாந்து மன்னனிடமிருந்து பெற்றிருந்தான். தீவுகளை நோர்வே மன்னனிடமிருந்து பெற்றிருந்தான். இரு வேந்தரும் நட்பாயிருக்கும் வரை ஒருவன் இருவருக்கும் பணி செய்யலாம். பகை மூண்டால் என் செய்வது? 1249 ஆம் ஆண்டில் ஸ்கொத்லாந்து மன்னன் இரண்டாம் அலெக்சாந்தர், யூவனைப் பணியவைக்கும் நோக்குடன் கப்பற்படையோடு வந்தான். ஓபனுக்கு எதிரேயுள்ள கெரரா தீவில் அவன் தங்கியிருந்தபோது நோயுற்று, யூலை 8 ஆம் நாள் அங்கேயே இறந்தான். 1263 இல் நோர்வே மன்னன் ஹாக்கோன் பெருங்கப்பற்படையோடு வந்து யூவனைத் தன் பக்கம் அழைத்தான். இரண்டு தலைவருக்கு ஒருவன் ஊழியஞ் செய்தல் இயலாது என்று கண்ட யூவன், நோர்வே தந்த தீவுகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஸ்கொத்லாந்தின் பக்கம் நின்றான். அவன் தேர்ந்தது வெல்லும் பக்கமாக அமைந்தது. 1266 ஆம் ஆண்டின் பேர்த் உடன்படிக்கைப்படி 4,000 மார்க் பணத்துக்கும், ஆண்டுதோறும் 100 மார்க் கட்டணத்துக்கும் நோர்வே அத்தீவுகளை ஸ்கொத்லாந்துக்கு விட்டுக்கொடுத்தது.

தந்தை சரியாகத் தேர்ந்தான். பின்வந்தோர் தவறாகத் தேர்ந்தனர். 1306 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் டம்பிறீஸ் நகரத்துத் துறவிகளின் ஆலயத்தில் ஜோன் கொமின் என்னும் பிரபுவை றொபேட் புறூஸ் குத்தினான், கொமின் மாண்டான். சில கிழமைகளில் புறூஸ் மன்னனாக முடிசூடினான். மக்டூகல் குலத்தார் கொமினுக்கு உறவினர். உறவின் இரத்தம் பழிவாங்க அழைத்தது. அவ்வாண்டிலேயே லோர்ண் தலைவன் ஜோன் மக்டூகல், டல்றை என்னுமிடத்தில் புறூசைத் தோற்கடித்து ஓடச் செய்தான். ஆனால் ஓடியவன் திரும்பி வந்தான். 1308 இல், 1309 என்பாரும் உளர், பிறாண்டர் கணவாயில் மக்டூகல் படை மலைச்சரிவில் மறைந்து காத்திருந்தது. புறூஸ் தன் படையில் ஒரு பிரிவை அதற்கும் மேலே மலையேற்றி, மேலிருந்தும் கீழிருந்தும் தாக்கினான். பதுங்கியிருந்தோரே பொறியிற் சிக்கினர். அதன்பின் டன்ஸ்டாவ்னேஜ் முற்றுகையிடப்பட்டு வீழ்ந்தது, அரசுடைமையாயிற்று. பத்தடிக் கனமுள்ள மதில் அதனைக் கட்டிய குலத்துக்கு நூறாண்டு கூடப் பயன்படவில்லை.

நேயர்களே, இவ்விடத்தில் இக்கோட்டையைப் பற்றிய ஒரு பழங்கதையையும் சொல்லல் வேண்டும். ஸ்கொத்லாந்து மன்னர் முடிசூடும்போது அமர்ந்த கல்லொன்று உண்டு. ஊழ்க்கல் என அதனை அழைக்கலாம். ஸ்கூன் நகருக்குக் கொண்டு செல்லப்படுமுன் அது டன்ஸ்டாவ்னேஜில் இருந்தது என்றும், பண்டை மன்னர் இங்கிருந்தே ஆண்டனர் என்றும் பதினாறாம் நூற்றாண்டு முதலாக எழுதிவந்தனர். 1296 ஆம் ஆண்டில் முதலாம் எட்வேட் அக்கல்லை இங்கிலாந்துக்கு எடுத்துச் சென்றான். 1996 இல் அது ஸ்கொத்லாந்துக்கு மீண்டது. 2024 முதல் பேர்த் நூதனசாலையில் வைக்கப்பட்டுள்ளது. கல்லாய்வாளர் அதனைச் சோதித்து, அது ஸ்கூன் பகுதியிலேயே கிடைக்கும் மணற்கல் என்று கண்டனர். ஆகவே கடல்கடந்து வந்து டன்ஸ்டாவ்னேஜிற் தங்கிய கல் என்ற கதை நிலைக்கவில்லை. கதை பொய்த்தாலும் அதற்குள் ஓர் உண்மை ஒளிந்திருக்கின்றது. வலிய மதிலை உடையோர்க்கும் மதில் மட்டும் போதவில்லை. ஆளும் உரிமை தமக்கு உண்டு என்று சொல்ல ஒரு கல்லோ ஒரு கதையோ வேண்டியிருந்தது.

உரிமை என்ற இச்சொல்லே நம்மைக் கோட்டைக்கு வெளியே அழைத்துச் செல்கின்றது. வாயிற்படியில் இறங்கித் தென்மேற்காக நடந்தால் மரச்செறிவினுட் சிற்றாலயத்தை அடையலாம். நீளம் ஏறத்தாழ 66 அடி; அகலம் 20 அடி. முன்னாளில் மரத்தாற் கூரை வேய்ந்திருந்தனர். இன்று வானமே கூரை. கோட்டை மதிலிற் காணாத மென்மையை இங்கே காணலாம். பீடம் இருந்த கீழ்ப்பகுதியில் ஒடுங்கி உயர்ந்த கூர்முனைச் சாளரங்கள் உள்ளன. அவை உட்புறம் விரிந்து செல்வதால், சிறு துளையினூடே வந்த ஒளியும் பரந்து விழும். சாளரங்களின் விளிம்பிற் சிற்பிகள் நாய்ப்பல் அணி என்று கூறும் செதுக்கு வேலை ஓடுகின்றது. அம்பு எய்வதற்குக் கோட்டையிற் பிளவுகள் வைத்த அதே குலம், இறைவன் திருமுன் ஒளி புகுவதற்கு இச்சாளரங்களை வைத்தது.

இவ்வாலயத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் நிகழ்ச்சி 1463 ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்தது. அப்பொழுது கோட்டையும் லோர்ண் நிலமும் ஜோன் ஸ்டுவேட் என்னும் பிரபுவின் கையில் இருந்தன. அவனுக்கு மனைவி வயிற்றுப் பிள்ளைகள் பெண்களே. மணவுறவின்றிப் பிறந்த மகன் ஒருவன் இருந்தான், பெயர் டூகல்ட். அச்சிறுவனின் தாயை முறைப்படி மணந்து, மகனைத் தன் வழித்தோன்றலாக்க ஜோன் ஸ்டுவேட் எண்ணினான். மணநாள் குறிக்கப்பட்டது. கோட்டையிலிருந்து ஆலயத்துக்குச் செல்லும் வழியில் அலன் மக்டூகல் என்பவனின் ஆட்கள் அவன்மேற் பாய்ந்து கத்தியாற் குத்தினர். முன்னாளிற் கோட்டையை இழந்த அதே குலத்தவன் அலன் என்பதை நேயர்கள் மறத்தலாகாது.

குத்துண்டவன் உடனே இறக்கவில்லை. அவனை ஆலயத்துக்குச் சுமந்து சென்றனர் என்றும், இரத்தம் வடிய மண வாக்கினைக் கூறி முடித்த பின்னரே உயிர் பிரிந்தது என்றும் மரபு கூறுகின்றது. சில நூறு அடி தூரம், சில சொற்கள். அவ்வளவே. ஆனால் அச்சொற்கள் சொல்லப்பட்டமையால் ஒரு சிறுவனின் நிலையே மாறிற்று.

ஏன் மாறிற்று? இதனை விளங்கிக்கொள்ள அக்காலச் சட்டத்தைச் சிறிது நோக்க வேண்டும். பெற்றோர் பின்னர் மணஞ்செய்தால், மணத்துக்கு முன் பிறந்த பிள்ளையும் முறைப்பிள்ளையாகும் என்பது பன்னிரண்டாம் நூற்றாண்டிற் பாப்பரசர் மூன்றாம் அலெக்சாந்தர் வகுத்த திருச்சபை விதி. ஸ்கொத்லாந்தின் சட்ட மரபு இவ்விதியைத் தழுவிக்கொண்டது. இங்கிலாந்திலோ 1236 இல் மேர்ட்டன் என்னுமிடத்திற் கூடிய பிரபுக்கள் தம் நாட்டுச் சட்டத்தை மாற்ற மாட்டோம் என்று மறுத்துவிட்டனர். 1926 ஆம் ஆண்டு வரை அந்நாட்டுச் சட்டம் இதற்கு இடந்தரவில்லை. இதே மணம் இங்கிலாந்தில் நடந்திருந்தால் அச்சிறுவனுக்கு ஒரு பயனும் விளைந்திராது. டன்ஸ்டாவ்னேஜில் இறக்கும் தறுவாயில் ஒருவன் மூச்சைப் பிடித்து வைத்திருந்ததற்கு ஒரு காரணம் இருந்தது. அவன் தன் உயிருக்காகப் போராடவில்லை. தன் மகனின் பெயருக்காகப் போராடினான்.

கொலையின் பயனாக அலன் மக்டூகல் கோட்டையைக் கைப்பற்றினான். ஆனால் அதனை வைத்திருக்க அவனால் இயலவில்லை. மன்னன் மூன்றாம் ஜேம்சின் ஆட்சியில் அவன் வெளியேற்றப்பட்டான். லோர்ண் பட்டமும் டூகல்டுக்குக் கிடைக்கவில்லை. முன்னரே செய்திருந்த ஏற்பாட்டின்படி அது தந்தையின் உடன்பிறந்தான் வால்ற்றர் ஸ்டுவேட்டைச் சேர்ந்தது. அவன் வேறு நிலங்களுக்கு மாற்றாக அதனைக் கொலின் கம்பெல் என்னும் ஆர்கைல் பிரபுவுக்குக் கொடுத்தான். 1470 இல் டன்ஸ்டாவ்னேஜும் கம்பெலின் கைக்கு வந்தது. ஆகவே கொன்றவனுக்கும் கோட்டை இல்லை. கொலையுண்டவன் மகனுக்கும் கோட்டை இல்லை. இரண்டு குலங்கள் மோதிக்கொள்ள, மூன்றாங் குலம் உள்ளே புகுந்தது.

எனினும் டூகல்ட் வெறுங்கையோடு நிற்கவில்லை. வடக்கே அப்பின் என்னும் நிலப்பகுதி அவனுக்கு உரித்தாயிற்று. அப்பின் ஸ்டுவேட் குலத்தின் முதல் தலைவன் அவனே. அக்குலம் இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக அந்நிலத்தில் வாழ்ந்தது. சிற்றாலயத்திற் பெற்ற பெயர், மதில் இல்லாமலே அவனையும் அவன் மக்களையும் காத்தது.

அவ்விரு வழிகளும் பின்னொருகால் எதிரெதிராகவும் நின்றன. 1746 ஏப்பிரல் மாதத்தில் கலோடன் போர்க்களத்தில், இளவரசன் சாள்ஸ் எட்வேட் ஸ்டுவேட்டுக்காக அப்பின் குலத்தார் போரிட்டு மடிந்தனர். அதே காலத்தில் கம்பெல் குலத்தின் பொறுப்பிலிருந்த டன்ஸ்டாவ்னேஜ், அரசாங்கப் படையின் பாசறையாக விளங்கிற்று. தோல்வியுற்ற இளவரசனைப் பணிப்பெண் வேடத்திற் படகேற்றித் தீவு கடத்திய புளோறா மக்டொனால்ட் என்னும் நங்கை கைதானபோது, இலண்டனுக்கு அனுப்பப்படுமுன் சில நாள் இக்கோட்டையிலேயே காவலில் வைக்கப்பட்டார். ஆறாண்டுகளின் பின், 1752 இல், அப்பின் பகுதியிற் கம்பெல் குலத்து அதிகாரி ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அதற்காக ஜேம்ஸ் ஸ்டுவேட் என்பவரை விசாரித்த மன்றத்தில் தலைமை வகித்தவர் ஆர்கைல் கோமகன். 15 யூரிமாருள் 11 பேர் கம்பெல்கள். ஜேம்ஸ் ஸ்டுவேட் தூக்கிலிடப்பட்டார். அவர் குற்றமற்றவர் என்று கருதுவோர் இன்றும் பலர். பகையின் வேர் எத்துணை ஆழம் ஓடும் என்பதற்கு இது சான்று.

இனிக் கட்டடங்களின் பிற்கதையைக் கூறி முடிப்போம். 1685 இல், ஆர்கைல் பிரபுவின் கிளர்ச்சி அடக்கப்பட்ட காலத்திற் கோட்டை எரியூட்டப்பட்டது. 1725 இல் முற்றத்தினுள் ஒரு வீடு கட்டப்பட்டது. 1810 இல் தற்செயலாக நேர்ந்த தீயினாற் கோட்டை மீண்டும் அழிவுற்றது. அதன்பின் கோட்டைத் தலைவரின் குடும்பத்தார் அங்கு வாழவில்லை. குடிகள் மட்டும் 1888 வரை இருந்தனர். 1958 முதல் இது அரசின் பாதுகாப்பில் உள்ளது. ஆயினும் கோட்டைத் தலைவர் என்ற மரபுரிமைப் பட்டம் மறையவில்லை. அப்பட்டத்தைக் காக்க, ஆண்டிற்கு மூன்று இரவு கோட்டையிற் படுத்துறங்கல் வேண்டும் என்பது வழக்கு. ஒரு காலத்திற் படைகொண்டு காத்த உரிமையை இப்பொழுது உறக்கத்தாற் காக்கின்றனர்!

சிற்றாலயமோ 1740 அளவிலேயே இடிந்து கிடந்தது. அவ்வாண்டில் அதன் கிழக்குச் சுவரோடு ஒட்டி, டன்ஸ்டாவ்னேஜ் கம்பெல் குடும்பத்தார் தமக்கு அடக்க மண்டபம் ஒன்று கட்டினர். மக்டூகல் கட்டிய ஆலயம். ஸ்டுவேட் மணவாக்குக் கூறிய ஆலயம். கம்பெல் உறங்கும் ஆலயம். கோட்டைக்காக ஒருவரை ஒருவர் துரத்திய மூன்று குலங்களின் நினைவும் இந்த 66 அடி நீளத்துள் அடங்கிவிட்டது.

நேயர்களே, கோட்டை கட்டியவன் பகைவனைத் தடுக்கலாம். காலத்தைத் தடுத்தல் இயலாது. டன்ஸ்டாவ்னேஜின் மதில் இன்றும் நிமிர்ந்தே நிற்கின்றது. ஆனால் எவர் கையிலும் அது நிலைத்து நிற்கவில்லை. கூரையிழந்த ஆலயத்தில் இறக்கும் மனிதன் ஒருவன் கூறிய சொல்லோ, தன் வேலையை முழுமையாகச் செய்து முடித்தது. ஆதலால் அப்பக்கம் செல்லும் வாய்ப்பு உங்களுள் எவருக்கேனும் கிட்டுமாயின், மதிலேறிக் கடலைக் கண்டு மகிழுங்கள். பின்னர் வாகனத்தை நோக்கித் திரும்புமுன், அந்த 500 அடி தூரத்தையும் நடந்து செல்லுங்கள். அன்று ஒருவன் குத்துண்ட உடலோடு கடந்த தூரம் அது.